வேலையில் இருந்துகொண்டே சட்டத்தில் பகுதிநேர பிஎச்.டி.: எங்கே தொடங்குவது?

#1 கோப்புக்கட்டு (திருச்சி)

வணக்கம். ஒரு வங்கியின் மண்டல அலுவலகத்தில் சட்ட அதிகாரியாக இருக்கிறேன். பி.எல். முடித்து எட்டு வருடம் கோர்ட்டில் ஓடினேன், நடுவில் எல்எல்.எம். முடித்தேன், அப்புறம் இந்த வேலை. வயது 41. பையன் ஒன்பதாம் வகுப்பு. மாமியாருக்கு வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ்.

இப்போது பகுதிநேர பிஎச்.டி. சேரலாம் என்று இருக்கிறேன். பதவி உயர்வுக்காக இல்லை. என் சம்பளத்தில் இதனால் ஒரு ரூபாய் கூடாது. ஒரு கேள்வி மண்டையைக் குடைகிறது, அவ்வளவுதான்.

வங்கிகளின் கடன் வசூலுக்கான சர்ஃபாசி சட்டத்தில் பிரிவு 14 என்று ஒன்று உண்டு. கடன் கட்டாதவரின் அடமானச் சொத்தைக் கைப்பற்ற வங்கி மாவட்ட ஆட்சியரிடமோ நடுவரிடமோ (மாஜிஸ்திரேட்) மனு போட்டு உதவி கேட்கலாம். 30 நாளில் உத்தரவு போட வேண்டும். முடியாவிட்டால் காரணத்தை எழுதிவிட்டு மொத்தம் 60 நாள் வரை எடுத்துக்கொள்ளலாம். போன மாதம் ஒரு மாவட்டத்துக் கோப்பைப் பிரித்தேன். கட்டியிருந்த நாடா நைந்துபோய்க் கையோடு வந்துவிட்டது. மேலட்டையில் எனக்கு முன்னால் இருந்தவர் கையெழுத்தில் 'நினைவூட்டல் 7'. மனு போட்டுப் பதினாறு மாதம். பக்கத்து மாவட்டத்தில் அதே வங்கி, அதே படிவம், ஐந்து வாரத்தில் உத்தரவு கைக்கு வந்திருக்கிறது. சட்டம் ஒன்றுதானே? இது ஏன் என்று யாராவது ஆராய்ந்திருக்கிறார்களா என்று தேடினேன். தீர்ப்புகள் நிறையக் கிடைத்தன. இந்த 'ஏன்' மட்டும் கிடைக்கவில்லை.

'இந்தியாவில் வாராக்கடன் வசூல் சட்டங்கள்: ஒரு திறனாய்வு' என்று ஒரு தலைப்பு எழுதி வைத்திருக்கிறேன். அலுவலகத்தில் என்ஓசி (ஆட்சேபணையில்லாச் சான்று) எப்படிக் கேட்பது, கைடு (நெறியாளர்) எப்படி அமைவார், வேலையோடு சேர்த்து எத்தனை வருடம் ஆகும்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

#2 தாம்பரம் லோக்கல் (சென்னை)

மேடம், நான் ஒரு தொழிற்சாலையில் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். தொழிலாளர் சட்டத்தில் பகுதிநேரம், இப்போது மூன்றாவது வருடம்.

என்ஓசியில் நான் அடிபட்டேன், அதனால் அதை முதலில் சொல்கிறேன். யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 பிஎச்.டி. ஒழுங்குமுறைகளின்படி பகுதிநேர மாணவரின் என்ஓசியில் மூன்று விஷயம் இருக்க வேண்டும். பகுதிநேரமாகப் படிக்க அனுமதி உண்டு என்பது ஒன்று. ஆராய்ச்சிக்குப் போதிய நேரம் ஒதுக்க அலுவலகப் பணி இடம் கொடுக்கும் என்பது இன்னொன்று. தேவைப்பட்டால் கோர்ஸ் ஒர்க்கை (ஆய்வுக்கு முன் படிக்க வேண்டிய பாடங்களை) முடிக்கப் பணியிலிருந்து விடுவிப்போம் என்பது மூன்றாவது. எங்கள் அலுவலகத்தில் 'இவர் உயர்கல்வி பயில ஆட்சேபணை இல்லை' என்று ஒரே வரியில் கொடுத்தார்கள். நானும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போனேன். சான்றிதழ் சரிபார்ப்பில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். திருத்தி வாங்குவதற்குள் சேர்க்கை முடிந்து, அடுத்த பருவம் வரை காத்திருந்தேன். அதனால் நீங்களே அந்த மூன்று வாக்கியத்தையும் டைப் செய்து மனுவோடு இணைத்துக் கொடுங்கள். கையெழுத்துப் போடுகிறவருக்கும் அதுதான் சுலபம். மூன்றாவது வாக்கியத்தில்தான் அவர்கள் தயங்குவார்கள். கோர்ஸ் ஒர்க் குறைந்தது 12 கிரெடிட்தான் என்று எடுத்துச் சொன்னால் பேச வழி கிடைக்கும்.

அப்புறம் காலம். பகுதிநேரம் என்பதால் கூடுதல் வருடம் தருவார்கள் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை. முழுநேரத்துக்கும் நமக்கும் ஒரே கணக்கு. குறைந்தது மூன்று வருடம், அதிகபட்சம் ஆறு. மறுபதிவு செய்தால் இன்னும் இரண்டு. பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் அதற்கு மேலும் இரண்டு வருடம் தளர்வு தரலாம், எல்லாம் சேர்த்துப் பத்தைத் தாண்டக் கூடாது. ஆய்வுப் பணியை மதிப்பிடுவதும் முழுநேரத்தாருக்கு எப்படியோ அப்படியேதான்.

நான் எப்படிப் படிக்கிறேன் என்பதையும் சொல்கிறேன். காலையில் தாம்பரத்தில் ஏறினால் பீச் வரை உட்கார்ந்து போகலாம். ஒரு நாளைக்கு ஒரு தீர்ப்பு. கையில் நாற்பது பக்க நோட்டு. ஒரு தீர்ப்புக்கு ஒரு பக்கம்தான், அடுத்த பக்கத்துக்குப் போகவே கூடாது என்று வைத்திருக்கிறேன். மேலே வழக்கின் பெயர், அதன் கீழே நடந்தது என்ன, கோர்ட் முன் இருந்த கேள்வி என்ன, என்ன முடிவு, எந்தக் காரணத்தால் என்று வரும். பக்கத்தின் கடைசி மூன்று வரியைக் காலியாக விடுவேன். 'எனக்குப் புரியாதது' என்பதை அங்கே எழுதுவேன். இரண்டு வருடத்தில் அந்த மூன்று வரிகளை மட்டும் சேர்த்து எழுதிப் பார்த்தபோதுதான் என் மூன்றாவது அத்தியாயம் கிடைத்தது.

#3 சுவடி

கோப்புக்கட்டு அம்மாவுக்கு வணக்கம். சட்டக் கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். சில பிஎச்.டி. மாணவர்களுக்கு நெறியாளராகவும் இருந்திருக்கிறேன்.

உங்கள் பதிவில் தலைப்புக்கு முன்னால் ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. தலைப்பு வந்ததும் அது காணாமல் போய்விடுகிறது.

'வாராக்கடன் வசூல் சட்டங்கள்: ஒரு திறனாய்வு' என்று எழுதினால் 1991, 1998 நரசிம்மம் குழு அறிக்கைகளில் தொடங்குவீர்கள். 1993 கடன் மீட்புத் தீர்ப்பாயச் சட்டம், அந்தியாருஜினா குழு, 2002 சர்ஃபாசி, 2004 மார்டியா கெமிக்கல்ஸ் தீர்ப்பு, 2016 திவால் சட்டம் என்று வரிசையாக எழுதிக்கொண்டே போவீர்கள். நான்கு வருடம் ஓடிவிடும். எல்லாம் சரியாகவே இருக்கும். ஆனால் படிக்கிறவர் ஏற்கெனவே அறியாதது ஒன்றும் அதில் இருக்காது. இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்காவில் 'வாராக்கடன்' என்று தேடிப் பாருங்கள், இந்த மாதிரி ஆய்வேடுகள் எத்தனை உறங்குகின்றன என்று தெரியும். அதைத் தேடாமல் தலைப்பைப் பதிவு செய்யவே கூடாது.

உங்கள் கோப்பு கேட்கிற கேள்விக்கு வாருங்கள். 30 நாள், 60 நாள் என்று சட்டம் சொல்கிறது. அந்த நாள் கடந்துவிட்டால் ஆட்சியருக்கு அதிகாரம் போய்விடுமா? போகாது, அது வழிகாட்டும் காலவரம்புதான், கட்டாயமானது அல்ல என்று 2020-இல் சி. பிரைட் எதிர் மாவட்ட ஆட்சியர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. யாரிடம் போவது என்பதிலும் ஒரு குழப்பம் இருந்தது. சட்டத்தில் எழுதியிருப்பது தலைமைப் பெருநகர நடுவர் அல்லது மாவட்ட நடுவர், அதாவது ஆட்சியர். பெருநகரம் அல்லாத ஊரில் தலைமை நீதித்துறை நடுவரிடம் போகலாமா என்பதில் உயர் நீதிமன்றங்கள் இரண்டு பக்கமாக நின்றன. போகலாம் என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் முடித்து வைத்தது.

இவை இரண்டையும் சேர்த்து வையுங்கள். திருச்சி மாதிரி மாவட்டத்தில் இப்போது வங்கிக்கு இரண்டு வாசல். ஒன்று ஆட்சியர் அலுவலகம், இன்னொன்று தலைமை நீதித்துறை நடுவர் நீதிமன்றம். இரண்டிலும் காலவரம்பு கைதட்டிக் கூப்பிடுமே தவிர, கட்டிப்போடாது. அப்படியானால் எந்த வாசலில் எத்தனை நாள் ஆகிறது? தாமதம் எந்தக் கட்டத்தில் விழுகிறது? உத்தரவு வந்த பிறகு தாசில்தாரோ வழக்கறிஞர் ஆணையரோ போய்ச் சொத்தைக் கைப்பற்ற எத்தனை நாள்? இரண்டு மாவட்டம், மூன்று வருடக் காலம். இது போதும், ஆறு வருடத்துக்குள் முடியும். தீர்ப்பும் சட்டமும் படிக்கிற கோட்பாட்டு ஆய்வு பாதி, களத்தரவு பாதி.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். தாமதம் என்ற சொல்லை வங்கியின் நாற்காலியில் உட்கார்ந்து எழுதாதீர்கள். அந்தப் பதினாறு மாதத்தில் ஒரு குடும்பம் அந்த வீட்டில் இருந்திருக்கிறது. பிரிவு 17-இன் கீழ் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போக அவர்களுக்கு 45 நாள் உண்டு. போனார்களா, போகத் தெரியவில்லையா, போயும் கிடைக்கவில்லையா? மதுரையிலும் கோயம்புத்தூரிலும் தீர்ப்பாயங்கள் இருக்கின்றன, சென்னையில் மூன்று. ஆணைகள் இணையத்தில் கிடைக்கின்றன. ஆட்சியர் அலுவலகம் மெத்தனமாக இருந்ததா, அல்லது யாரோ ஒரு அதிகாரி அந்தக் குடும்பத்துக்கு அவகாசம் கொடுத்தாரா? உங்கள் ஆய்வில் இந்தக் கேள்விக்கு இடம் இல்லை என்றால், அது வங்கியின் ஆண்டறிக்கையில் ஒரு பக்கமாகத்தான் முடியும்.

நெறியாளரைப் பற்றி. பேராசிரியர் எட்டுப் பேர், இணைப் பேராசிரியர் ஆறு, உதவிப் பேராசிரியர் நான்கு பேர் வரைதான் வைத்துக்கொள்ள முடியும். ஓய்வுக்கு மூன்று வருடத்துக்குள் இருப்பவர் புதிதாக யாரையும் எடுக்கக் கூடாது. அதனால் பெரிய பெயரைத் தேடி அலையாமல், இடம் காலியாக இருக்கிறவரில் உங்கள் கேள்வி பிடித்தவரைத் தேடுங்கள். இரண்டு பக்கத்துக்கு மேல் இல்லாத ஒரு குறிப்போடு போய்ப் பாருங்கள். 'தலைப்புக் கொடுங்கள் சார்' என்று வெறுங்கையோடு வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து எங்களுக்கு அலுத்துப்போய்விட்டது. கேள்வியோடு வருகிறவர் அபூர்வம்.

#4 கோப்புக்கட்டு (திருச்சி)

ஐயா, இதைப் படித்துவிட்டு நேற்று இரவு சரியாகத் தூக்கமில்லை. அந்தக் கோப்பை நூறு தடவை பார்த்திருக்கிறேன், அந்த வீட்டில் யார் இருந்தார்கள் என்று ஒரு தடவை கூட நினைத்ததில்லை. இன்று காலை அலுவலகம் போனதும் அதை எடுத்து முகவரியைப் பார்த்தேன். நான் தினமும் பஸ்ஸில் கடந்து போகிற தெரு.

தலைப்பை அடித்துவிட்டேன். தாம்பரம் சார், மூன்று வாக்கியம் தயார். திங்கட்கிழமை கொடுக்கிறேன்.

#5 நெல்லை ஜூனியர்

நடுவில் வருவதற்கு மன்னியுங்கள். நான் பி.எல். முடித்து மூன்று வருடம், சீனியரிடம் ஜூனியராக இருக்கிறேன். எனக்கும் ஆராய்ச்சியில் ஆசை. காலேஜுக்கே போகாமல் எல்எல்.எம். முடிக்கலாம், அப்புறம் நேராக பிஎச்.டி. என்று வாட்ஸாப்பில் ஒரு விளம்பரம் வந்தது. 85,000 ரூபாய். கட்டலாமா?

#6 தாம்பரம் லோக்கல் (சென்னை)

தம்பி, கட்டாதீர்கள். தொலைதூரக் கல்விக்கும் இணையவழிக் கல்விக்குமான யுஜிசியின் 2020 ஒழுங்குமுறைகளில் அந்த வழியில் நடத்தக் கூடாத படிப்புகள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. மருத்துவம், பொறியியலோடு சட்டமும் அதில் உண்டு. பிஎச்.டி.யையும் தொலைதூரத்தில் தர முடியாது. இந்த மாதிரி எல்எல்.எம். பற்றி 2025-இல் பார் கவுன்சிலும் எச்சரித்திருக்கிறது. பெங்களூரு தேசியச் சட்டப் பள்ளி, ஹைதராபாத் நல்சார் போன்ற இடங்கள் வேலை செய்கிறவர்களுக்குத் தொலைதூரத்தில் டிப்ளமோ நடத்துகின்றன. அறிவுக்கு நல்லது. ஆனால் அதை வைத்து பிஎச்.டி. சேர முடியாது.

நேரில் போய்ப் படிக்கிற எல்எல்.எம். ஒன்றுதான் உங்களுக்கு வழி. முதுகலையில் 55 சதவீதம் வேண்டும் என்பதை மனதில் வைத்துப் படியுங்கள். நெட் (தேசியத் தகுதித் தேர்வு) எழுதுங்கள். 2024-25 முதல் நெட் மதிப்பெண்ணுக்கு 70, நேர்காணலுக்கு 30 என்ற கணக்கில் பிஎச்.டி. சேர்க்கைக்கு யுஜிசி வழி செய்திருக்கிறது. அந்த மதிப்பெண் ஒரு வருடத்துக்குத்தான் செல்லும்.

#7 நெல்லை ஜூனியர்

ரொம்ப நன்றி அண்ணா. நாளைக்குக் கட்டுவதாக இருந்தேன்.

#8 மாலை நேரம் (கோவை)

நான் பாதியில் நிறுத்தியவன். அதையும் இங்கே யாராவது சொல்ல வேண்டும்.

ஒரு நிறுவனத்தில் ஒப்பந்தப் பிரிவில் வேலை. மத்தியஸ்தம் பற்றிப் பகுதிநேரமாகச் சேர்ந்தேன். நான்காவது வருடத்தில் இரண்டு அத்தியாயம் முழுக்க எங்கள் நிறுவனத்தின் பழைய தகராறுகளை வைத்து எழுதியிருந்தேன். பெயரை எல்லாம் மாற்றித்தான் எழுதினேன். கோப்பைப் பார்க்க மேலாளர் வாய்மொழியாகச் சரி என்றார், நானும் எழுத்தில் கேட்கவில்லை. சமர்ப்பிக்கப் போகும் நேரத்தில் அவர் மாறிவிட்டார். புதிதாக வந்தவர் முடியவே முடியாது என்றுவிட்டார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. ரகசியம் காக்க வேண்டிய பேப்பர், அவர் நிலையில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். 140 பக்கம் போயிற்று. மறுபடி எழுத மனம் வரவில்லை. மகளுக்கு அப்போது பிளஸ் டூ.

கோப்புக்கட்டு அக்கா, உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. உங்கள் கேள்வி மேசையிலிருந்து பிறந்தது, அது நல்லதுதான். ஆனால் தரவை மேசையிலிருந்து எடுக்காதீர்கள்.

#9 சுவடி

மாலை நேரம் தம்பி, நீங்கள் இதை எழுதியது பெரிய உதவி. வேலையில் இருந்துகொண்டு ஆய்வு செய்கிறவர்கள் இந்த ஒரு குழியில்தான் அதிகம் விழுகிறார்கள். உங்களுக்கு முன்னமே யாரும் சொல்லாமல் போனார்களே என்று வருத்தமாக இருக்கிறது.

வாடிக்கையாளர் ரகசியம் வங்கிக்குரியது. சம்பளத்துக்கு வேலை செய்யும்போது பார்த்ததை ஆய்வாளராக எடுத்து எழுத உங்களுக்கு உரிமை கிடையாது. எனவே பொதுவெளியில் இருப்பதை மட்டும் வைத்துக் கட்டுங்கள். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் 2023 ஜனவரி முதல் அந்த நீதிமன்றத்தின் இணையத் தீர்ப்புத் தொகுப்பான இ-எஸ்சிஆரில் இலவசம், பலவற்றுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு. தீர்ப்பாய ஆணைகள் இருக்கின்றன. ஆட்சியர் அலுவலகத் தரவுக்கு 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. உங்கள் வங்கியின் கோப்பு ஒன்று கூட இல்லாமல் இந்த ஆய்வேட்டை எழுத முடிய வேண்டும். அத்துடன், நீங்கள் ஒரு வங்கியில் வேலை பார்ப்பதை முதல் அத்தியாயத்திலேயே வெளிப்படையாக எழுதிவிடுங்கள்.

இன்னொன்று, சட்ட மாணவர்கள் அநாவசியமாக அஞ்சுகிற விஷயம். கருத்துத் திருட்டு பற்றிய யுஜிசியின் 2018 ஒழுங்குமுறைகளில் பத்து சதவீதம் வரை ஒப்புமைக்குத் தண்டனை இல்லை. சட்ட வாசகங்களும், உரிய ஒப்புகையோடு மேற்கோள் காட்டியவையும், தொடர்ச்சியாக 14 சொல் வரையிலான பொதுத் தொடர்களும் அந்தக் கணக்கில் சேராது. பிரிவு 14-ஐ அப்படியே எடுத்து எழுதலாம். அதை உங்கள் சொந்த நடையில் மாற்றி எழுதப் போய்ப் பொருளைக் கெடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். 'வேண்டும்' என்பதும் 'லாம்' என்பதும் சட்டத்தில் ஒன்றல்ல.

#10 கோப்புக்கட்டு (திருச்சி)

பத்து நாள் கழித்து வருகிறேன். என்ஓசி கேட்டிருக்கிறேன். மூன்றாவது வாக்கியத்துக்கு என் மேலதிகாரி அரை மணி நேரம் விளக்கம் கேட்டார், கடைசியில் மண்டலத் தலைமைக்குப் பரிந்துரைத்து அனுப்பியிருக்கிறார். வீட்டில் பையன் தன் மேசையில் பாதியை எனக்கு ஒதுக்கிவிட்டான்.

கேள்வியை இப்படி எழுதியிருக்கிறேன்: 'பிரிவு 14 மனுக்கள் மீது இரண்டு மாவட்டங்களில் ஆட்சியரும் தலைமை நீதித்துறை நடுவரும் எடுத்துக்கொண்ட காலம், அந்தக் காலத்தில் கடன்தாரர் நாடிய தீர்வுகள்.'

இப்போது ஒரு சந்தேகம். ஒரு முன்னோட்டமாக ஆர்டிஐ போட்டுப் பார்க்கலாம் என்று 'கடந்த மூன்று ஆண்டுகளில் பெறப்பட்ட பிரிவு 14 மனுக்கள் எத்தனை, ஒவ்வொன்றுக்கும் எத்தனை நாள் ஆனது' என்று எழுதினேன். இதற்குப் பதில் வருமா?

#11 பதிவறை (ஓய்வு, வருவாய்த் துறை)

இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியும், முப்பது வருடம் அந்தப் பக்கத்தில் உட்கார்ந்தவன்.

வராதும்மா. 'எத்தனை நாள் ஆனது' என்று கேட்டால் 'அவ்வாறு தொகுத்துப் பராமரிக்கப்படவில்லை' என்று ஒரு வரியில் பதில் வந்துவிடும். அதில் தப்பும் சொல்ல முடியாது. இருக்கிற தகவலைக் கொடுக்க வேண்டும் என்பதுதான் சட்டம், புதிதாகக் கணக்குப் போட்டுத் தர வேண்டும் என்று இல்லை.

கணக்கை நீங்கள் போடுங்கள், பதிவேட்டை மட்டும் கேளுங்கள். ஒவ்வொரு பிரிவு உதவியாளரிடமும் தன்பதிவேடு என்று ஒன்று இருக்கும். நீளமான ரிஜிஸ்டர். தபால் வந்ததும் ந.க. எண் என்ற கோப்பு எண் போட்டு அதில் ஏற்றுவார்கள். எந்தத் தேதியில் வந்தது, யாரிடமிருந்து, என்ன பொருள், எப்போது யாருக்கு எழுதப்பட்டது, எப்போது முடிந்தது, எல்லாம் ஒரே வரிசையில் இருக்கும். கோப்பு எங்கே எத்தனை நாள் நின்றது என்பது அந்தக் கட்டங்களைப் பார்த்தாலே தெரியும். நினைவூட்டல் வந்தாலும் அங்கேதான் குறிப்பார்கள்.

எனவே மனுவில் இப்படி எழுதுங்கள்: 'சர்ஃபாசி சட்டம் பிரிவு 14-இன் கீழ் பெறப்பட்ட மனுக்களைக் கையாளும் பிரிவின் தன்பதிவேட்டில், அம்மனுக்கள் தொடர்பான பதிவுகளை நேரில் பார்வையிடவும், தேவையான பக்கங்களின் நகல் பெறவும் அனுமதிக்க வேண்டுகிறேன்.' தேதியிலிருந்து தேதி வரை என்று தெளிவாகப் போடுங்கள். கடன்தாரர் பெயரை மறைத்துக் கொடுத்தால் போதும் என்று நீங்களே ஒரு வரி சேர்த்துவிட்டால், மறுக்க ஒரு காரணம் குறையும். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டுங்கள். பார்வையிட முதல் ஒரு மணி நேரம் இலவசம், நகல் பக்கத்துக்கு இரண்டு ரூபாய். 30 நாளில் பதில் வராவிட்டால் மேல்முறையீடு.

போகும்போது ஸ்கேலும் பென்சிலும் கொண்டு போங்கள். அந்த ரிஜிஸ்டரில் வரிசைகள் நெருக்கமாக இருக்கும், ஸ்கேல் வைத்துப் படிக்காவிட்டால் ஒரு கோப்பின் தேதியை இன்னொன்றில் எழுதிவிடுவீர்கள்.

#12 கோப்புக்கட்டு (திருச்சி)

ஐயா, நீங்கள் சொன்னபடியே எழுதிவிட்டேன், இரண்டு மாவட்டத்துக்கும் தனித்தனியாக. இன்று சாயங்காலம் கோர்ட் வாசலில் ஸ்டாம்ப் வாங்கினேன். நாளைக் காலை பதிவுத் தபாலில் போகிறது. பார்வையிட நாள் கொடுத்தால் ஒரு நாள் விடுப்புப் போட்டுப் போய் வந்து, என்ன பார்த்தேன் என்று இங்கேயே எழுதுகிறேன்.